ஆம்ஸ்டர் உறைவிடம்

ஆம்ஸ்டர் உறைவிடம் என்பது வீட்டில் வளர்க்கப்படும் ஆம்ஸ்டர் என்னும் சிறு கொறிணி தன் இயல்புப்படி வளை தோண்டவும், ஒளிந்து உறங்கவும், உணவைச் சேமிக்கவும், ஓடவும் இடம் தருமாறு அமைக்கப்படும் மூடிய தொட்டி அல்லது பெட்டி ஆகும். கடைகளில் விற்கப்படும் சிறு கம்பிக் கூண்டுகள் பெரும்பாலும் இத்தேவைகளை நிறைவு செய்வதில்லை. வெப்பம் மிகுந்த பகுதிகளில் உறைவிடத்தின் அமைப்பே விலங்கின் உயிரைத் தீர்மானிப்பதாகிவிடுகிறது. இக்கட்டுரை உறைவிடத்தின் பொதுவான கூறுகளையும், தாமிரபரணி ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள திருநெல்வேலி வட்டாரத்தின் தட்பவெப்பத்தில் அவற்றை எவ்வாறு மாற்றி அமைக்க வேண்டும் என்பதையும் விளக்குகிறது.

பெயர்

ஆம்ஸ்டர் என்பது செருமன் மொழிச் சொல். அம்மொழியில் இதையொட்டிய வினைச்சொல் பதுக்கிச் சேர்த்தலைக் குறிக்கும். உணவைக் கன்னப்பைகளில் அடக்கிக்கொண்டு வளைக்குள் கொண்டுபோய்க் குவிக்கும் பழக்கம் இவ்விலங்கின் அடையாளமாகும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் ஆம்ஸ்டரைச் சிலர் வெள்ளெலி என்று அழைப்பதுண்டு. இது குழப்பம் தருவது. தென்மாவட்ட ஊர்களில் வெள்ளெலி என்பது புன்செய்க் காடுகளிலும் வரப்புகளிலும் வளை தோண்டி வாழும், வயிறு வெளுத்த, நீண்ட வாலுடைய உள்நாட்டு எலி (தட்டெரா இண்டிகா). ஆய்வுக்கூடத்து வெள்ளை எலியையும் அதே பெயரால் அழைப்பவர் உளர். ஆம்ஸ்டரோ குட்டை வாலும் பருத்த உடலும் கொண்ட வேறொரு குடும்பத்து விலங்கு. அது இந்தியாவில் திருநெல்வேலியை ஒத்த எந்தச் சமவெளியிலும் இயற்கையாக வாழ்வதில்லை.

காட்டில் ஆம்ஸ்டரின் வாழ்க்கை

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது சிரிய ஆம்ஸ்டர் அல்லது பொன்னிற ஆம்ஸ்டர் (மீசோகிரைசீட்டஸ் ஆரேட்டஸ்). வளர்ந்த விலங்கு 100 முதல் 150 கிராம் வரை எடை கொண்டது. இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வாழும். 1839-இல் ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ் இவ்வினத்தை அறிவியல் முறையில் விவரித்தார். சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றியுள்ள மேட்டுநிலமும் அதையடுத்த துருக்கி எல்லைப் பகுதியுமே இதன் இயற்கை வாழிடம். அங்கு இது இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்று.

இவ்விலங்கு வீட்டுக்குள் வந்த கதைக்கும் இந்தியாவை வாட்டிய ஒரு நோய்க்கும் தொடர்புண்டு. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை ஆராய்ந்துவந்த எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சால் அட்லர், ஆய்வுக்கூடத்தில் எளிதாக இனப்பெருக்கம் செய்யக்கூடிய ஆம்ஸ்டர் ஒன்றைத் தேடினார். அவருக்காக விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி 1930 ஏப்ரலில் அலெப்போ அருகே ஒரு வயலில் வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்துவந்தார். அவற்றுள் பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்களே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் உள்ள சிரிய ஆம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. மனிதரிடம் வந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை என்பதால், நாய், மாடு போன்று இவை இயல்பு மாறிப் பழகிய விலங்குகள் அல்ல.

காட்டு ஆம்ஸ்டரின் வளை ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ அகலமுள்ள செங்குத்தான துளையாகத் தொடங்கிக் கீழே கிடைமட்டச் சுரங்கமாகத் திரும்பும். உறங்கும் அறை, தானிய அறை, சிறுநீர் கழிக்கும் மூலை ஆகியவை தனித்தனியே இருக்கும். அலெப்போ வட்டாரத்தில் ஆய்வு செய்து கேட்டர்மன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வளைகளின் சராசரி ஆழம் 65 செ.மீ, மிக ஆழமானது ஒரு மீட்டரைத் தாண்டியது. ஒவ்வொரு வளையிலும் வளர்ந்த விலங்கு ஒன்றே இருந்தது. அதே குழுவினர் 2008-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, கூண்டில் இரவு விலங்காகத் தோன்றும் ஆம்ஸ்டர் இயற்கையில் காலையிலும் மாலையிலும் வெளிவருவதைக் காட்டியது. நண்பகல் வெயிலில் அது வளையை விட்டு வெளிவருவதில்லை.

குட்டை ஆம்ஸ்டர்கள் எனப்படும் சிறிய இனங்கள் மங்கோலியா, கசகஸ்தான், சைபீரியா ஆகிய குளிர்ந்த புல்வெளிகளைச் சேர்ந்தவை. வெப்பத்தைப் பொறுத்தவரை இவற்றின் நிலை சிரிய ஆம்ஸ்டரைவிடக் கடினமானதே.

பரப்பும் ஆழமும்

உறைவிடத்தின் தரத்தை அளக்கும் முதன்மை அளவுகள் இரண்டு: தரைப்பரப்பு, படுகையின் ஆழம். மாடிகளும் குழாய்களும் வண்ணப் பொம்மைகளும் இவற்றுக்கு ஈடாகா. செருமனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் சிரிய ஆம்ஸ்டருக்குக் குறைந்தது 100 செ.மீ நீளமும் 50 செ.மீ அகலமும் 50 செ.மீ உயரமும் உள்ள இடத்தைப் பரிந்துரைக்கிறது. நம் கடைகளில் கைப்பிடி வைத்து விற்கப்படும், ஓரடி நீளமே உள்ள கம்பிக் கூண்டின் தரைப்பரப்பு இதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆழத்தின் தேவையைக் காட்டும் ஆய்வு சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2006-இல் வெளியான அவ்வாய்வில் ஆம்ஸ்டர்கள் 10, 40, 80 செ.மீ ஆழப் படுகைகளில் தனித்தனியே வளர்க்கப்பட்டன. 10 செ.மீ ஆழத்தில் இருந்தவை கூண்டுக் கம்பியை ஓயாது கடித்தன. சக்கரத்திலும் மிகுதியாக ஓடின. 80 செ.மீ ஆழத்தில் இருந்தவற்றிடம் கம்பி கடிக்கும் பழக்கமே காணப்படவில்லை. கூண்டைக் கடிப்பது விளையாட்டு என்றோ பல் தேய்ப்பது என்றோ பொதுவாகக் கருதப்படுகிறது. அது இடம் போதாமையின் அறிகுறி. வீட்டில் 80 செ.மீ ஆழம் எல்லோருக்கும் இயலாது. தொட்டியின் ஒரு பாதியிலேனும் 30 முதல் 40 செ.மீ ஆழம் இருப்பது நல்லது. மறு பாதியில் ஆழத்தைக் குறைத்துச் சக்கரத்தையும் மணல் தட்டையும் வைக்கலாம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வெப்பம்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாக ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஆறு பச்சைப் பட்டையாக வயல்களை வளர்த்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் சமவெளி வறண்டது; வெப்பம் மிக்கது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகர்களில் கோடையில் பல நாட்கள் 38° செல்சியசைத் தாண்டுகின்றன. இரவிலும் 25°க்குக் கீழே இறங்குவது அரிது.

அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் 2011-ஆம் ஆண்டு ஆய்வக விலங்கு வழிகாட்டி ஆம்ஸ்டருக்குப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 20° முதல் 26° வரை. 30°க்கு மேல் நீண்ட நேரம் இருப்பது இவ்விலங்குக்கு இடர் தரும். அது மனிதரைப் போல் வியர்ப்பதில்லை. நாயைப் போல் இளைத்து வெப்பத்தை வெளியேற்றும் திறனும் குறைவு. எச்சிலை மயிரில் பூசிக்கொள்வதும், உடலைத் தட்டையாக நீட்டிப் படுப்பதும், குளிர்ந்த இடத்தைத் தேடுவதுமே அதன் வழிகள். ஆகவே மின்விசிறியை அதன்மேல் திருப்பிவிடுவதால் நாம் உணரும் குளிர்ச்சியை அது உணராது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்கியே மனிதருக்குக் குளிர்ச்சி தருகிறது.

சிரியா பாலைநிலம், ஆகவே ஆம்ஸ்டர் வெப்பத்தைத் தாங்கும் என்று வாதிடுவோர் உண்டு. இது தவறான முடிவு. அலெப்போவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 17° முதல் 18° வரைதான். குளிர்காலத்தில் உறைபனியும் உண்டு. மண்ணின் வெப்பநிலை ஆழம் செல்லச் செல்ல மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தை இழந்து, சில மீட்டர் ஆழத்தில் அவ்வூரின் ஆண்டுச் சராசரியை நெருங்குகிறது. 65 செ.மீ ஆழத்திலேயே பகல்–இரவு வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். எனவே வெளியே கோடை கொளுத்தினாலும் வளைக்குள் இருக்கும் ஆம்ஸ்டர் அதை அறியாது. அது வெப்பத்தைத் தாங்கும் விலங்கன்று. வெப்பத்திலிருந்து மண்ணுக்குள் தப்பும் விலங்கு.

திருநெல்வேலியில் ஆண்டுச் சராசரியே 28° முதல் 29° வரை இருக்கிறது. இங்கே நிலத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அலெப்போ மண்ணின் குளிர்ச்சி கிடைக்காது. அதைவிட முக்கியமானது, வீட்டுத் தொட்டி நிலத்தோடு இணைந்ததன்று என்பதாகும். அதன் ஐந்து பக்கமும் அறைக் காற்றே. படுகையாக இடப்படும் மரச்சீவலும் வைக்கோலும் வெப்பத்தைக் கடத்தாத பொருட்கள். எனவே 40 செ.மீ ஆழத்து வளைகூட, காலப்போக்கில், அந்த அறையின் ஒருநாள் சராசரி வெப்பநிலைக்கே வந்து நிற்கும். விலங்கின் உடல்வெப்பமும் அதில் தேங்கும். ஆழமான படுகை நண்பகலின் உச்சத்தை மழுக்கும், குளிர்விக்காது. குளிர்ச்சி என்பது அறையிலிருந்தே வரவேண்டும்.

இதனால் தொட்டியை வாங்குவதற்கு முன் அறையைத் தேர்ந்தெடுப்பதே முறை. கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே உள்ள மேல்மாடி அறை ஏற்றதன்று. பகலில் கூரை உள்வாங்கிய வெப்பம் நள்ளிரவு வரை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தரைத்தளத்தில், வெயில் படாத வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறை நல்லது. தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரைக்கு அடியில் மச்சும் உள்ள பழைய வீடுகளின் நடு அறைகள் இவ்வகையில் புதிய அடுக்குமாடி வீடுகளைவிட மேலானவை. கண்ணாடித் தொட்டியில் நேரடி வெயில் விழுந்தால் உள்ளே வெப்பம் சிறைப்பட்டு, அரை மணி நேரத்தில்கூட விலங்கு இறந்துவிடக்கூடும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் தேர்ந்தெடுத்த அறையில் ஒரு வெப்பமானியை வைத்து, ஒரு வாரம் பிற்பகல் மூன்று மணி அளவைக் குறித்துவைக்க வேண்டும். வீட்டினர் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின், சன்னல்களை அடைத்துப் பூட்டிய நிலையிலேயே இந்த அளவு எடுக்கப்பட வேண்டும். ஆம்ஸ்டர் இருக்கப்போவது அந்நிலையில்தான். இரவில் மட்டும் ஓடும் குளிரூட்டி பகலில் அதற்குப் பயன்படாது. அளவு நாள்தோறும் 32°, 33° எனத் தாண்டுமானால், பகல் நேரக் குளிரூட்டலுக்கு வழியில்லாத அவ்வீட்டில் ஆம்ஸ்டரை வளர்க்காதிருத்தலே அதற்குச் செய்யும் நன்மை.

ஆவியாதல் முறையில் குளிர்வித்தல்

மண்பானை நீர் குளிர்வதற்கான காரணமே இங்கும் உதவுகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு குளிர முடியும் என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. 38° வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஈரத்துணி கொள்கை அளவில் ஏறத்தாழ 24° வரை குளிரலாம். 32° வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றிலோ 29°க்குக் கீழே இறங்காது. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்கள் வழியாக வீசும் வறண்ட மேல்காற்று, கயத்தாறு, முப்பந்தல் ஆகிய இடங்களில் காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே, ஈரத்துணிக்கும் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இம்முறை பயன் தராது; அப்போது அதற்குத் தேவையும் குறைவு.

நீர் நிரம்பிய மண்பானையையோ ஈரத்துணியையோ தொட்டிக்கு வெளியே, காற்று நுழையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தொட்டிக்குள் வைத்தால் படுகை நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். அறையை மூடிவைத்து நீர்வழிக் காற்றுக் குளிர்விப்பானை ஓட்டினால் ஈரப்பதம் ஏறி, சற்று நேரத்தில் பயன் அற்றுப்போகும். எதிர்ச் சன்னல் திறந்திருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்திற்கென்று உறைய வைத்த நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம். குளிர்ந்த மூலைக்குச் செல்வதா விலகுவதா என்பதை விலங்கே தெரிவு செய்யும்.

தொட்டி

நீர் கசிவதால் ஒதுக்கப்பட்ட பெரிய மீன் தொட்டி இதற்கு மிகப் பொருத்தமானது. நீர் நிற்க வேண்டிய தேவை இங்கில்லை. மேற்புறத்தை மரச்சட்டத்தில் பொருத்திய கம்பி வலையால் மூட வேண்டும். கண்ணாடி மூடியோ பலகை மூடியோ காற்றோட்டத்தைத் தடுக்கும். வலைக் கண்ணின் அகலம் சிரிய ஆம்ஸ்டருக்கு ஒரு செ.மீ, குட்டை இனங்களுக்கு அதைவிடக் குறைவு. தச்சரிடம் சொல்லி ஒட்டுப்பலகையில் பெட்டி செய்வித்தால், முன்பக்கம் கண்ணாடியும் பின்பக்க மேற்பகுதியில் வலையும் அமைத்துக் குறுக்குக் காற்றோட்டம் பெறலாம். புதுப் பலகையின் பசை நாற்றமும் வண்ணப்பூச்சின் நாற்றமும் முற்றும் நீங்கிய பிறகே விலங்கை விட வேண்டும்.

எடையையும் கணக்கிட வேண்டும். 100 × 50 செ.மீ தொட்டியில் 30 செ.மீ உயரத்திற்கு நிரப்பினால் கன அளவு 150 லிட்டர். அதை முழுதும் மணலால் நிரப்பினால் ஏறத்தாழ 240 கிலோகிராம் ஆகும். எந்த மேசையும் தாங்காது, தொட்டியின் ஒட்டும் பிரியும். மரச்சீவலும் வைக்கோலும் கலந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும்.

பூனையும் பாம்பும் இவ்வட்டாரத்தில் உண்மையான இடர்கள். எலி மணத்தைப் பின்பற்றிச் சாரைப்பாம்பு வீட்டுக்குள் வருவதுண்டு. எனவே தொட்டியைத் தாழ்வாரத்திலோ கொல்லைப்புறத்திலோ வைப்பது தகாது. மூடிக்குக் கொக்கி இருக்க வேண்டும். வீட்டெலிகள் தொட்டியின்மேல் ஏறி சிறுநீர் கழித்தால், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரா தொற்று ஆம்ஸ்டருக்கும், அதைக் கையாளும் மனிதருக்கும் பரவ வாய்ப்புண்டு.

எறும்பைத் தடுக்கச் சமையலறை அலமாரிக்குச் செய்வது போல் மேசையின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தலாம். பழைய முறையாயினும் இதனினும் சிறந்தது இல்லை. எறும்புச் சாக்குக்கட்டி, அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள் ஆகிய எதுவும் அவ்வறையில் இருத்தல் கூடாது.

படுகைப் பொருட்கள்

வெளிநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் ஆஸ்பென் மரச்சீவல் இங்கு எளிதில் கிடைப்பதில்லை. உள்ளூர்ப் பொருட்களிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மரச்சீவல் என்பது இழைப்புளியில் சுருண்டு விழும் சீவல். அறுவை ஆலையின் நுண்தூள் அன்று. தூள் மூச்சுக்குழாயில் படியும். தேக்கின் தூளும் சீவலும் தோலையும் மூச்சையும் உறுத்துவதால் அதைத் தவிர்க்க வேண்டும். மணம் மிக்க தேவதாரு வகைகளும் ஆகா. வண்ணமோ பூச்சிமருந்தோ ஏறாத மரம்தானா என்பதைத் தச்சரிடமே கேட்டறிவது நல்லது.

சீவல் மட்டும் இருந்தால் வளை இடிந்து விழும். இடையிடையே வைக்கோலை அடுக்கி, கையால் அழுத்தி நிரப்பினால் சுரங்கம் நிற்கும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு பருவத்திலும் வைக்கோல் கிடைக்கிறது. அறுவடைக்கு அண்மையில் மருந்து தெளிக்காத வயலின் வைக்கோலைத் தேர்ந்து, நன்றாக வெயிலில் உலர்த்தி, இயன்றால் இரண்டு நாட்கள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் சிற்றுண்ணிகள் அழியும். உமியைத் தனியே பயன்படுத்துதல் நன்றன்று. கோழிப்பண்ணைக்கு அது ஏற்றது. ஆனால் அதன் கூர்முனைகள் கண்ணையும் கன்னப்பையையும் குத்தும். வளையும் அதில் நிற்காது.

தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தன்மையது. உலர்ந்த நிலையில் சிறிதளவு கலக்கலாம்; மழைக்காலத்தில் அதைக் குறைக்க வேண்டும். அச்சிடாத தாளைக் கிழித்துப் போடுவது எங்கும் கிடைக்கும் பாதுகாப்பான வழி.

உறங்கும் கூட்டிற்கு இலவம்பஞ்சு இடுவது பார்வைக்கு அழகு. ஆயினும் பஞ்சு இழைகள் காலில் சுற்றிக் குருதி ஓட்டத்தை நிறுத்தும்; விழுங்கினால் குடலை அடைக்கும். மணமற்ற மென்தாளைத் துண்டுகளாக இட்டால் விலங்கே அதை இழைத்துக் கூடு கட்டிக்கொள்ளும்.

மணல் தட்டு தனியானது. ஆம்ஸ்டர் நீரில் குளிப்பதில்லை. மணலில் புரண்டே மயிரின் எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொள்ளும். கட்டட வேலைக்கு விற்கப்படும் மணலைப் பலமுறை கழுவி, சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்தலாம். தேரிக்காட்டுச் செம்மணல் கண்ணுக்கு இனியது. ஆனால் அதன் செந்தூள் மிக நுண்ணியது, மூச்சுக்கு ஒவ்வாது. தென்கடற்கரை மணலில் மோனசைட்டு போன்ற கதிரியக்கக் கனிமங்கள் கலந்திருப்பதால் அதையும் விலக்க வேண்டும்.

உள்ளமைப்பு

கனமான எந்தப் பொருளும் படுகையின்மேல் வைக்கப்படலாகாது. ஆம்ஸ்டர் அதன் அடியில் தோண்டும்போது பொருள் சரிந்து விலங்கை நசுக்கிவிடும். பானை, கல், சக்கரத்தின் அடிப்பீடம் ஆகியவற்றைத் தொட்டியின் அடித்தளத்தில் அல்லது கால் வைத்த பலகையில் நிறுத்தி, பிறகு சுற்றிலும் படுகையை நிரப்ப வேண்டும். வீட்டு உறைவிடங்களில் நேரும் விபத்துகளில் இது முழுதும் தவிர்க்கக் கூடியது.

மெருகிடாத மண்பானை இவ்வட்டாரத்திற்கு இயல்பாக அமைந்த நல்ல மறைவிடம். சேரன்மகாதேவி அருகேயுள்ள காருக்குறிச்சி மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். (ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளைக் கண்டவர்களுக்கு, இவ்வாற்றங்கரையில் பானை வனைதல் எவ்வளவு பழையது என்பது தெரியும்.) வாய் அகன்ற சிறு பானையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதி புதைத்தால், கனத்த மண்சுவர் இரவின் குளிர்ச்சியைப் பிடித்துவைத்து முற்பகலில் உதவும். கடப்பாக் கல் துண்டு ஒன்றும் அதே பயன் தரும். வெப்ப நாட்களில் ஆம்ஸ்டர் அதன்மேல் வயிறு பட நீண்டு படுத்திருப்பதைக் காணலாம். சாயம் இடாத பனையோலைக் கொட்டான், கோரைப்புல், தேங்காய்ச் சிரட்டை ஆகியவை கடிப்பதற்கும் ஒளிவதற்கும் உரியவை. பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் அதே கோரைதான். ஆனால் சாயம் ஏற்றிய பாய்த் துண்டுகளை இடக்கூடாது.

ஓட்டச்சக்கரம் இன்றியமையாதது. சிரிய ஆம்ஸ்டருக்கு அதன் விட்டம் 28 செ.மீக்குக் குறையாதிருக்க வேண்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று பொருள். ஓடுதளம் இடைவெளி இல்லாததாக இருக்க வேண்டும். கம்பிச் சக்கரங்களில் கால் சிக்கி முறியும். விலங்கை உள்ளே அடைத்து உருட்டிவிடும் நெகிழிப் பந்து, காற்றோட்டமும் மறைவிடமும் இல்லாதது. திருநெல்வேலி வெயிலில் அது ஒரு சிறு அடுப்பு.

ஓர் உறைவிடத்தில் ஒரு சிரிய ஆம்ஸ்டர் மட்டுமே இருக்க வேண்டும். இணையாக விற்கப்படும் குட்டிகள் சில வாரங்களில் பருவமடைந்து சண்டையிடும். பெரும்பாலும் ஒன்று இறக்கும். ஆணும் பெண்ணுமாயின் 16 நாட்களில் குட்டிகள் பிறக்கும்.

உணவும் துப்புரவும்

கம்பு, சோளம், தினை, சாமை, குதிரைவாலி ஆகியவற்றின் கலவையைக் கிண்ணத்தில் வைப்பதைவிடப் படுகையில் தூவுவது நல்லது. தேடி எடுத்துச் சேமிப்பதே அதன் நாள்வேலை. சிறிது வேகவைத்த முட்டை அல்லது பயறு புரதம் தரும். இனிப்புகள் கன்னப்பையில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஊரின் பெருமையாயினும் அல்வா ஆம்ஸ்டருக்கு உரியதன்று. கோடையில் ஒரு நீர்ப் புட்டியோடு ஒரு கிண்ணமும் வைக்க வேண்டும். புட்டியின் குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு பகலிலேயே விலங்கு நீரிழந்துவிடும்.

முழுப் படுகையையும் வாரந்தோறும் மாற்றுவது தேவையற்றது. தன் மணத்தையும் வளையையும் சேமிப்பையும் ஒருசேர இழக்கும் விலங்கு கலக்கமுறும். சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூஞ்சண நாற்றம் உள்ளதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமான பகுதி முழுதும் நீக்கத்தக்கது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்துப் பல குடியிருப்புகளில் நீர் புகுந்தது. ஆற்றங்கரையை ஒட்டிய தரைத்தள வீடுகளில், வெப்பத்திற்கு ஏற்ற அறையே வெள்ளத்திற்கு ஆளாகும் அறையுமாகும். இத்தகைய வீடுகளில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கூண்டு ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

வெப்பத் தாக்கு

தளர்ந்து கிடத்தல், வாயோரம் எச்சில் நனைந்திருத்தல், விரைந்த மூச்சு, தள்ளாட்டம் ஆகியன வெப்பத் தாக்கின் அறிகுறிகள். இதைக் குளிர்கால உறக்கம் என்று கருதிக் காத்திருத்தல் பெரும் தவறு. அவ்வுறக்கம் கடுங்குளிரில் மட்டுமே நிகழ்வது. திருநெல்வேலியின் மார்கழிகூட அதற்குப் போதாது. உடனே குளிர்ந்த இடத்திற்கு மாற்றி, அறை வெப்பநிலையிலுள்ள நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்ற வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குவது தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். விலங்கு தானே விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் நீர் தரலாம். பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். திருநெல்வேலியில் இராமையன்பட்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

சட்டநிலை

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, விலங்கு இயல்பாக அசைவதற்குப் போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டில் அதை அடைத்துவைப்பது குற்றம். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் 'செல்லப்பிராணி' என்பதற்குத் தரும் வரையறையில் நாய், பூனை, முயல், கினிப்பன்றி ஆகியவற்றோடு ஆம்ஸ்டரின் பெயரும் உள்ளது. இவற்றை விற்கும் கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவுபெற வேண்டும். வளர்க்க இயலாத நிலையில் ஆம்ஸ்டரை வயலிலோ ஆற்றங்கரையிலோ விடுதல் கூடாது. வெயிலாலோ, ஆந்தையாலோ, பூனையாலோ அது சில நாட்களில் மடியும்.